96 பக்கம், 348 கிலோமீட்டர்: பாலாற்றைக் கருவாக வைத்து ஓர் ஆண்டு மலர்

வேலூரில் பாலாற்றுக்கு வடகரையில், காட்பாடிப் பக்கம் இருக்கிறது எங்கள் பள்ளி. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை. இந்த முறை ஆண்டு மலரை முழுக்க முழுக்கப் பாலாற்றை வைத்தே செய்தோம். பக்க எண், பகுதித் தலைப்பு, மை, தாள், தையல் என்று எல்லாவற்றையும் ஆற்றைக் கேட்டே முடிவு செய்தோம். மலர்ப் பொறுப்பு தமிழாசிரியர் தலையில்தான் விழும் என்பது எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம். அப்படிப் பொறுப்பில் இருக்கிற மற்ற ஆசிரியர்களுக்கு உதவட்டும் என்று, செய்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் கூட்டத்தில் எல்லோரும் சொன்னது கோட்டையைத்தான். அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில், 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி, திப்பு குடும்பத்தார் காவலில் இருந்த மகால் என்று எழுத விஷயத்துக்குக் குறைவே இல்லை. வேலூர் வெயிலை வைத்துச் செய்யலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. எனக்குக் கருவைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. ஏழாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் போய், "கோட்டைக்கும் உங்க வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? அரைப் பக்கம் எழுதுங்க" என்றேன். சமூக அறிவியல் புத்தகத்தில் இருப்பது அப்படியே வந்தது. பாதிப் பேர் ஒரே வரியில் ஆரம்பித்திருந்தார்கள்.

அப்புறம் அதே கேள்வியைப் பாலாற்றுக்கு மாற்றிக் கேட்டேன். ஒருத்தி எழுதினாள்: "எங்க ஆயா கல்யாணம் ஆகி வந்தப்போ ஆத்துல ஊத்து தோண்டித்தான் குடிக்கத் தண்ணி மொண்டு வருவாங்களாம். முழங்கை ஆழம் தோண்டினாலே ஊறுமாம்." இன்னொருவன் மாசி அமாவாசையை ஒட்டி வரும் மயானக் கொள்ளைக்கு அப்பா தோள்மேல் உட்கார்ந்து ஆற்று மணலில் போனதை எழுதினான். ஒருவனுடைய அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறார். ஒரு பையன் கேள்வியாகவே எழுதியிருந்தான்: "ஆறு எங்க தெரு முனையில இருக்கு. ஆனா குழாயில வர்றது காவிரித் தண்ணி, மேட்டூர்லேர்ந்து வருது. ஏன் சார்?" வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகளும் உருது பேசுகிற பிள்ளைகளும் பாட்டி சொன்னதைக் கேட்டு, தமிழில் எழுதிக் கொண்டுவந்தார்கள். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

அதோடு கரு முடிவானது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து பதில் கொண்டுவரக்கூடிய கேள்வியாக இருந்தால்தான் அது மலர் முழுக்கத் தாங்கும் என்பது என் அழுத்தமான எண்ணம். அப்படி இல்லாத கரு எவ்வளவு பெருமை உடையதாக இருந்தாலும் அட்டையோடு நின்றுவிடும். உள்ளே பழையபடி வாழ்த்துச் செய்தியும் துணுக்கும்தான் இருக்கும்.

அடுத்தது பக்கக் கணக்கு. இதை அச்சகத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். கிரௌன் கால் அளவு எடுத்துக்கொண்டோம். 20க்கு 30 அங்குல டபுள் கிரௌன் தாளை மூன்று மடிப்பு மடித்தால் 16 பக்கம். அது ஒரு ஃபாரம். ஓரம் வெட்டிய பிறகு ஏறத்தாழ ஏழேகாலுக்கு ஒன்பதரை அங்குலம் நிற்கும். எங்கள் பணத்துக்கு ஆறு ஃபாரம் தாங்கும். ஆக 96 பக்கம்.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222, மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கம் அருகே வயலூரில் கடலில் சேர்கிறது. 348ஐ 96ஆல் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு மூன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கணக்கு ஆசிரியர் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய உடனே மலரின் எலும்புக்கூடு கிடைத்துவிட்டது. முதல் பக்கம் நந்தி மலை, 96ஆம் பக்கம் வங்கக் கடல். 26ஆம் பக்கத்தில் கர்நாடகம் முடிகிறது. 35ஆம் பக்கத்தில் புல்லூர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வருகிறோம். ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, நாம் படிப்பதும் இடமிருந்து வலம். இது தானாக அமைந்த பொருத்தம். ஒவ்வொரு பக்க எண்ணுக்குப் பக்கத்திலும் கிலோமீட்டரைப் போட்டோம்: "பக்கம் 26, கி.மீ. 94" என்று.

ஊர்கள் எந்தப் பக்கத்தில் வரும் என்பதைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் வரைபடத்தில் ஆற்றின் மேல் நூலை வளைத்து வைத்து அளந்தார்கள். தோராயக் கணக்குதான், ஆனால் மலருக்குப் போதும். வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா என்று வந்து, வேலூர் சரியாக 56, 57ஆம் பக்கங்களில் உட்கார்ந்தது. இதில் ஒரு பெரிய வசதி இருந்தது. நான்காவது ஃபாரம் 49 முதல் 64 வரை. அதன் நட்டநடு விரிப்பு, அதாவது திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம், 56-57. ஒரு ஃபாரத்தின் நடு விரிப்பில்தான் இரண்டு பக்கமும் ஒரே தாளில், ஒரே முகத்தில், அடுத்தடுத்து அச்சாகும். படம் நடுவில் பிசகாது. எங்கள் ஊர் அந்த இடத்தில் வந்து விழுந்ததைக் கண்டு ஓவிய ஆசிரியர் எழுந்தே நின்றுவிட்டார்.

ஆசிரியர் அறைச் சுவரில் 96 சிறு தாள்களை வரிசையாக ஒட்டினோம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். கம்ப்யூட்டரில் போய் உட்காருவதற்கு முன்னால் இந்தச் சுவரில்தான் பாதி வேலை நடந்தது. எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்று பென்சிலில் எழுதுவதும் அழிப்பதும், தாளைப் பிடுங்கி இடம் மாற்றுவதும் பார்க்கிற எல்லோருக்கும் புரிகிற வேலை. அலுவலக உதவியாளர்கூட நின்று பார்த்துவிட்டு, "ஆத்துக்குக் குறுக்க பாலம் ஒண்ணு வேணாமா சார்?" என்று கேட்டார். காட்பாடியிலிருந்து வேலூர் போகும் பாலத்துக்கு அப்படித்தான் இடம் கிடைத்தது.

ஆண்டு மலரில் கட்டாயம் வர வேண்டியவை சில உண்டு: தலைமையாசிரியர் செய்தி, ஆண்டறிக்கை, மன்றங்கள், விளையாட்டு, வகுப்புப் புகைப்படங்கள், பிரிவு உபசாரம். இவற்றை ஆற்றோடு எப்படிப் பொருத்துவது? வலிந்து உவமை தேட வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அந்தந்த இடத்தின் உண்மையான செய்தியும் பள்ளியின் செய்தியும் இயல்பாக ஒட்டினால் வைப்போம், இல்லாவிட்டால் சும்மா விடுவோம்.

பல இடங்களில் ஒட்டியது. வாலாஜா அருகே பாலாற்றின் குறுக்கே 1858இல் கட்டிய அணைக்கட்டு இருக்கிறது. ஆற்று நீரைத் தேக்கிவைக்க அதைக் கட்டவில்லை. கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி போன்ற ஏரிகளுக்குப் பிரித்து அனுப்பவே கட்டினார்கள். பள்ளிக்கு வந்த நிதி, உதவித்தொகை, முன்னாள் மாணவர்கள் தந்த பரிசுகள் எல்லாம் யார் யாருக்குப் போயின என்ற ஆண்டறிக்கையை அந்தப் பக்கங்களில் வைத்தோம். கால்வாய்ப் படத்திலேயே தொகைகளை எழுதிவிட்டதால் அறிக்கையைப் பெற்றோர் நின்று படிக்கிறார்கள்.

மன்றங்களுக்குத் துணையாறுகள். கவுண்டின்ய நதியும் பொன்னை ஆறும் வடக்கிலிருந்து வருகின்றன. ஆகவே அந்தப் பக்கங்களில் மேலிருந்து ஒரு மணல் பட்டை இறங்கி, எல்லாப் பக்கத்தின் அடியிலும் பாலாறாக ஓடும் அடிப்பட்டையோடு சேரும். செய்யாறு தெற்கிலிருந்து வருவதால் கீழிருந்து ஏறும். வேகவதியும் செய்யாறும் பாலாற்றோடு கூடுகிற திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. மாணவர் விடுதியையும் பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் பற்றிச் சொல்கிறது அது. எங்கள் ஜூனியர் ரெட் கிராஸ் பிள்ளைகள் முதலுதவி கற்றதை அந்தப் பக்கத்தில் வைத்தோம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரியைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே தேடிப் படித்து எழுதிய குறிப்பு, இந்த மலரில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று.

கர்நாடகப் பக்கங்கள் வெறிச்சென்று இருக்குமோ என்று கவலை இருந்தது. எங்கள் பிள்ளைகளில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் தென்பெண்ணைக்கும் நந்தி மலைப் பகுதிதான் பிறப்பிடம் என்பதும், கோலார் தங்க வயலுக்குத் தண்ணீர் போனது பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து என்பதும், 1892இல் சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட நதிநீர் ஒப்பந்தமும் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் படங்களோடு அழகாக நிறைந்தன. புல்லூர்த் தடுப்பணையை 2016இல் உயர்த்தியதைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நிதானமாக, யாரையும் திட்டாமல் எழுதித் தந்தான்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில்தான் நீண்ட பேச்சு நடந்தது. தோல் தொழிலால் ஆறு கெட்டது ஊருக்கே தெரியும். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இந்த ஆற்றுக்காகத்தான். அதே சமயம் எங்கள் பிள்ளைகள் பலருக்குச் சாப்பாடு போடுவதும் அந்தத் தொழில்தான். "அப்பா வேலையைக் குறை சொல்ற மாதிரி இருக்காதா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. கடைசியில் இடது பக்கத்தில் தோலும் ஷூவும் தைக்கிற பெற்றோரின் கைகளை மட்டும் படம் எடுத்துப் போட்டோம். முகம் வேண்டாம், பெயரும் வேண்டாம். வலது பக்கத்தில் தீர்ப்பைப் பற்றிய கட்டுரை. நடுவில் எங்கள் கருத்து என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த விரிப்பைப் பார்த்துவிட்டு அந்த மாணவியே தன் அப்பாவின் கைப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

விளையாட்டுப் பகுதிக்கு "வெள்ளம்" என்று பெயர் வைக்கலாம் என ஒரு யோசனை வந்தது. துள்ளலான தலைப்புதான், ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது கரையோரத்துப் பிள்ளைகள் சிலர் வீட்டைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். 1903இல் வாணியம்பாடியை மூழ்கடித்த வெள்ளத்தைப் பற்றி இன்றும் அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். வெள்ளம் என்ற சொல்லுக்கு இந்தக் கரையில் ஒரே பொருள்தான். விளையாட்டுப் பக்கங்களுக்கு "மணல்மேடு" என்று வைத்தோம். பிள்ளைகள் கிரிக்கெட்டும் கபடியும் ஆடுவது ஆற்று மணலில்தானே.

இனி வடிவமைப்புக்கு வருகிறேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அடியில் ஒரு பட்டை ஓட வேண்டும் என்பது முதலிலேயே முடிவு. பிள்ளைகள் வரைந்த மாதிரி எல்லாவற்றிலும் அது நீலம். ஆனால் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற ஆறு வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல்தான். கண்ணுக்குத் தெரிகிற ஆற்றையே அச்சடிப்போம் என்று பட்டையை மணல் நிறமாக மாற்றினோம். நீலம் வெள்ளம் வந்த பக்கங்களிலும் கடைசியில் கழிமுகத்திலும் மட்டும். இந்த ஒரு முடிவு மலரின் தோற்றத்தையே கட்டியது, செலவையும் குறைத்தது. ஆறில் நான்கு ஃபாரம் கறுப்பும் மண் நிறமும் மட்டும். இரண்டு ஃபாரம் மட்டும் நான்கு வண்ணம்.

பட்டையை வரையாமல் மணலிலேயே செய்தோம். ஒவ்வொரு வகுப்புக்கும் சார்ட்டில் ஒரு நீளத் துண்டு கொடுத்து, ஃபெவிகால் தடவி ஆற்று மணலை ஒட்டச் சொன்னோம். ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தால் கீறிவிடும் என்பதால், காலை வெயில் ஏறுவதற்கு முன் வராந்தா நிழலில் பரப்பி, நேர் மேலிருந்து கேமராவில் எடுத்தோம். கம்ப்யூட்டரில் நிறத்தை எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளைப் புள்ளியாக மாற்றி, அதற்கு மண் நிறம் கொடுத்தால் மணல் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ஏழாம் வகுப்புத் துண்டில் ஒரு கிளிஞ்சல் சில்லு ஒட்டியிருந்தது. அதை எடுக்காமல் விட்டோம். 31ஆம் பக்கத்தில் இருக்கிறது.

பட்டையின் அகலம் முக்கியம். மெல்லிய கோடாகப் போட்டிருந்தால் எதிரெதிர்ப் பக்கங்களில் கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணில் குத்தும். பெரும்பாலான விரிப்புகளில் இடது பக்கமும் வலது பக்கமும் தாளின் வேறு வேறு மூலையில் அச்சாகி, மடிப்பில்தான் சேருகின்றன. கொஞ்சம் விலகாமல் இருக்காது. அதனால் பட்டை 12 மில்லிமீட்டர் அகலம், மேலும் கீழும் ஓரம் ஒழுங்கற்றது. மணலின் ஓரம் அப்படித்தான் இருக்கும் என்பதால் விலகல் தெரியவே இல்லை. வெட்டு ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக ஓடவிட்டோம்.

மண் நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு வண்ண ஃபாரங்களில் அது தனி மை; அச்சகத்தில் கையால் கலக்குவார்கள். நான்கு வண்ண ஃபாரத்தில் அதே நிறம் நான்கு மைகளின் புள்ளிகளால் உண்டாவது. 48ஆம் பக்கம் முடிந்து 49 வரும் இடத்தில் ஆறு நிறம் மாறிவிடக் கூடாதே. அச்சக அண்ணன் சொன்ன வழி நன்றாக வேலை செய்தது: முதலில் நான்கு வண்ண ஃபாரங்களை அடித்துவிட்டு, அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மையைக் கலந்தார். மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம் கறுப்பும். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையைக் குடித்து மங்கலாக்கும், வழவழப்பான ஆர்ட் தாள் மினுக்கும் என்பதால், ஈரத்தில் ஒரு சாயல் அழுத்தமாகவே கலந்து, காய்ந்த பிறகு ஒப்பிட்டார். அவர் விரலால் மையை ஒரு துண்டுத் தாளில் இழுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நாங்களும் குனிந்து பார்த்தோம்.

வகுப்புப் புகைப்படங்கள் எல்லாம் கலரில் வர வேண்டும் என்பது பெற்றோர் ஆசை. அவற்றை நான்காவது ஃபாரத்தில் ஒரே இடத்தில் சேர்த்தோம். பள்ளி இருப்பது அந்தக் கிலோமீட்டரில்தான், ஆகவே பள்ளி முழுக்க அங்கே நிற்பது பொருத்தம்தான். நடு விரிப்பு மட்டும் வெள்ளத்துக்கு. 2021 வெள்ளப் படங்கள் நிறைய வந்தன, ஆனால் எல்லாம் வாட்ஸாப்பில் கை மாறி மாறி வந்தவை. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸாப் படத்தின் நீளத்தை 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் அது ஐந்தேகால் அங்குலத்துக்கு மேல் தாங்காது. படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். கேட்டபோது மூலப் படம் யாரிடமும் இல்லை. அதனால் படத்தை விட்டுவிட்டு, 55ஆம் பக்கத்தில் பட்டையை மெல்ல நீலமாக்கி, 56-57இல் விரிப்பின் முக்கால் உயரத்துக்கு ஏற்றிவிட்டோம். நீலத்துக்குள் பிள்ளைகளின் வரிகள் வெள்ளை எழுத்தில். வெள்ளை எழுத்தைச் சின்னதாகப் போட்டால் ணகரத்தின் சுழியும் றகரத்தின் வளைவும் மை இறங்கி அடைத்துக்கொள்ளும். 12 பாயின்ட் எழுத்தளவில், தடித்த எழுத்தாக வைத்தோம்.

எழுத்துரு பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வீட்டுப் போனில் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். நகரத்தில் பல டிடிபி கடைகளில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளும், யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவும்தான். மாற்றும்போது எழுத்து உடையும் என்பதால், எங்கள் கணினி ஆசிரியரே இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் நேராக யூனிகோடில் பக்கம் கட்டினார். அதில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். உடல் எழுத்துக்கு முக்த மலர், தலைப்புக்குக் கட்டமரான். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை.

மெய்ப்புப் பார்ப்பதில் கட்டுரைகளைவிடப் பெயர்களுக்குத்தான் அதிக நேரம் கொடுத்தோம். எமிஸ் என்ற அரசின் மாணவர் பதிவுப் பட்டியலில் இருக்கிற எழுத்துக்கூட்டல் வேறு, பிள்ளை எழுதுவது வேறு. வகுப்புவாரியாகப் பெயர்களை அச்சிட்டு, ஒவ்வொருவரும் தன் பெயரையும் முன்னெழுத்தையும் படித்து, சரி என்றால் நேரே கையெழுத்துப் போட வேண்டும் என்றோம். வராதவர்களுக்காகக் காத்திருந்து வாங்கினோம். ஒரு கவிதையில் பிழை இருந்தால் அடுத்த வருஷம் மறந்துவிடும். ஒரு குழந்தையின் பெயரில் பிழை இருந்தால் அது நாற்பது வருஷம் அந்த வீட்டு அலமாரியில் இருக்கும்.

கடைசி ஃபாரத்தில் ஆறு அகன்று கழிமுகமாகிறது. அடிப்பட்டை பக்கத்துக்குப் பக்கம் உயர்ந்து, 94இலிருந்து முழுப் பக்கமும் மணலும் நீலமுமாக மெல்லிய சாயலில் பரவும். அங்கே பிளஸ் டூ பிள்ளைகளின் பிரிவு உபசாரமும், நண்பர்கள் கையெழுத்துப் போடுவதற்கான வெற்றிடமும். இதற்கும் ஆர்ட் தாள்தான் போடுவதாக இருந்தது. பேப்பர் கடையிலிருந்து மாதிரித் தாள் வாங்கி வந்து, பிள்ளைகள் கையில் இருந்த ஜெல் பேனா, பால் பாயின்ட், ஸ்கெட்ச் எல்லாவற்றாலும் எழுதிப் பார்த்தோம். ஆர்ட் தாளில் ஜெல் மை காயவே மாட்டேன் என்கிறது, விரல் பட்டால் இழுக்கிறது. மேப்லித்தோவில் உடனே பிடிக்கிறது. ஆகவே ஆறாவது ஃபாரத்தை மேப்லித்தோவிலேயே நான்கு வண்ணத்தில் அடித்தோம். நிறம் கொஞ்சம் அடங்கித்தான் வந்தது. கழிமுகத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

பைண்டிங் நூல் தையல். முதுகைச் சீவிப் பசை போடுகிற முறை மலிவு, ஆனால் நடு விரிப்பு முழுசாகத் திறக்காது, வேலூர் வெயிலில் பசை காய்ந்து தாள் உதிர்வதையும் பழைய மலர்களில் பார்த்திருக்கிறோம். தைத்தால் 56-57 மேசையில் தட்டையாகப் படுக்கிறது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு மலரைக் கொடுத்தோம். அன்று மாலையே பல பிரதிகளில் 94, 95, 96ஆம் பக்கங்களில் இடம் தீர்ந்து, கையெழுத்துகள் பின்னட்டையின் உட்புறத்துக்கும் போய்விட்டன. அடுத்த முறை அந்த உட்புறத்தையும் லேமினேஷன் இல்லாமல் வெறுமையாக விடச் சொல்லி அச்சகத்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.